பென்சில் பட்டியல்

பட்டியலை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன்.
கருவூலத்தில் இருபத்தாறு வருஷம்
பேனாவால் ஆட்சேபம் போட்ட கைக்கு
ஞாயிற்றுக்கிழமையாவது
அழிக்கிற சுகம் வேண்டும்.

பெருமாள்புரம் மண் கோர்ட்.
ஆணும் பெண்ணுமாக மூன்று அணி.
எங்கள் மூன்றாவதுக்கு எதிரே
தச்சநல்லூர் தன் மூன்றாவதை இறக்கும்.
கையெழுத்தில்லாத ஒப்பந்தம் அது.

ஆனி மாசம். மேற்கே கணவாய் திறந்துவிட்டது.
சர்வீஸுக்குத் தூக்கிப்போட்ட பந்து
தலைக்கு மேல் கொஞ்சம் யோசித்து
இரண்டடி கிழக்கே இறங்குகிறது.
இந்தக் காற்றில் யார் தரத்தை
யார் சொல்ல?

சொல்லத்தான் வேண்டும்.
ஃபோர்ஹேண்ட் பத்து, பேக்ஹேண்ட் பத்து,
வலையோரம் ஆறு, சர்வீஸ் எட்டு.
என்ஜினியர் கோமதிநாயகம் சார்
முப்பத்துநாலுக்குப் பதினொன்று.
"காத்து, மேடம்" என்றார்.
அடுத்து வந்த பேச்சித்தாய்,
டயர் கடையில் கணக்கு எழுதுகிறவள்,
காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்
இருபத்தாறு.

ஆபீஸில் சாராக, தெருவில் வேயாக,
டீக்கடையில் லேயாக இருப்பவர்கள்
இங்கே வெறும் எண்ணாக நிற்கும்போது
சிலருக்கு வேர்க்கிறது.
சிலருக்கு முதுகு நிமிர்கிறது.

மீரான் கனி வந்தான்.
முதல் பந்து வலையில்.
இரண்டாவது வேலி தாண்டி உடைமுள்ளுக்குள்.
கடைசியில் ஒன்பது.
"நமக்கு மூணாவதுதான் தோதுப்படும் மேடம்."

தப்பிய பந்தெல்லாம்
ஒரே உயரத்தில் தப்பியிருந்தன.
ஆடத் தெரியாதவனுக்கு
அவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய வராது.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரம்
தண்ணீர்த் தொட்டிச் சுவரில்
அவன் பேக்ஹேண்டைப் பார்த்திருக்கிறேன்.
சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு வட்டம்,
சாப்பாட்டுத் தட்டு அகலம்.
நாற்பது பந்தும் அதற்குள்ளேதான்.

காரணமும் தெரியும்.
மூன்றாம் அணியில் ஜெபராஜ் இருக்கிறார்.
போன மாசி வரை இருவரும் ஜோடி.
இப்போது அவர் இடது கால்
அரை நொடி பிந்தி வருகிறது.
யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.
"அந்தச் சமாச்சாரம்" என்பதோடு சரி.

அன்புதான், இல்லை என்று யார் சொன்னது.
ஆனால் தச்சநல்லூரில்
சண்முகவடிவு என்று ஒருத்தி இருக்கிறாள்.
மூன்று வருஷமாக ஒரு செட் ஜெயித்ததில்லை.
ஒவ்வொரு முறை தோற்றதும் வலைக்கு வந்து
கை கொடுத்துவிட்டு
எங்களுக்கு டிபன் பாக்ஸைத் திறப்பாள்.
இவன் அன்பின் செலவை
அவள் கணக்கில் எழுத
எனக்கு அதிகாரம் கிடையாது.

மீரான் கனி: இரண்டு.

எட்டிப் பார்த்தான்.
"கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்."
"பாத்துத்தாம்லே போட்டிருக்கேன்."

பந்துக் கூடைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெபராஜ்
மெல்லக் கேட்டார்:
"அப்ப நீங்க, மேடம்?"

இரண்டாம் அணியில் ஆறு வருஷமாக என் பெயர்.
யாரும் என் பந்தை எண்ணியதில்லை.
எண்ணுகிறவள் நான்.

எழுந்தேன். பேச்சித்தாய்
கேட்காமலே நோட்டை வாங்கிக்கொண்டாள்.
என் கடைசி சர்வீஸ் கோட்டில் பட்டதா இல்லையா
என்று ஒரே சத்தம்.
வெளியே என்று நான்தான் சொன்னேன்.
பதின்மூன்று.
வாயில் வந்த "காத்து" என்ற சொல்லை
தண்ணீரோடு விழுங்கினேன்.

ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
பின்பக்கத்துப் போன வருஷப் பட்டியல்
தலைகீழாகத் தெரிகிறது.

"இடது பக்கம் நீங்க நில்லுங்க" என்கிறார் ஜெபராஜ்.
"உங்க தலைக்கு மேல போற பந்து?"
"அது போட்டும்."

சனிக்கிழமை தச்சநல்லூர்.
காற்று அதுவரை நிற்காது.
மீரான் கனி இன்னும் என்னோடு பேசவில்லை,
ஆனால் முள்ளுக்குள் போய்
பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்.