ஒன்பதரை விரல்கள்

கப்பலின் பின்தளத்தில் ஒரு சரக்குப் பெட்டி.
அதற்குள் பகல் கிடையாது.
ஏழு திரை, மூன்று நாற்காலி,
ஆடை படிந்த காப்பி.
கால்டெரா துறைமுகத்திலிருந்து மேற்கே இரண்டு நாள்.
என் வேலை தட்டச்சு:
மணி. ஆழம். கண்டது.

எலியுதேரியோ ஓட்டுகிறார்.
வலக்கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.
மிச்சப் பாதியை அவர்
நெம்புகோலின் தலையில் வைத்திருப்பது
பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைத்
தொட்டுப் பார்ப்பது போல.

ஆயிரம் மீட்டர். கருப்பு.
ஆயிரத்து ஐந்நூறு. அதே கருப்பு, இன்னும் பழையது.
விளக்கொளியில் பனி
கீழிருந்து மேலே பெய்கிறது.
இல்லை, நாங்கள்தான் அதைவிட வேகமாக இறங்குகிறோம் என்று
ஒவ்வொரு முறையும்
எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.
மேலே செத்ததெல்லாம்
வாரக்கணக்கில் உதிர்ந்து வந்து சேரும்.
அங்கே அதுதான் சோறு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நாங்கள் ஆழத்தை எண்ணாகத் தெரிந்துகொண்டு
கையை விட்டிருக்கிறோம்.
டைட்டானியக் கை. ஏழு மூட்டு, மூன்று விரல்.
கூடவே, சமையல்காரர் கட்டிவிட்ட
ஒரு தெர்மாகோல் கோப்பை, வேடிக்கைக்காக.

2,314. கடலடி மலையின் தோள்.
கண்ணாடிக் கடற்பஞ்சுகளுக்கு நடுவில்
ஒரு பாறை இடுக்கு.
அதில் ஒருத்தி,
எட்டுக் கைகளையும் தன் மேலேயே மடித்துப் போட்டு
அடைகாத்துக்கொண்டிருக்கிறாள்.
"நிறுத்துங்கள்" என்றாள் ஹிமேனா.
மூச்சுக்கூட விடவில்லை நாங்கள்,
இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் தாண்டி
அவளுக்குக் கேட்டுவிடும் என்பது போல.
முட்டைகளை எண்ணினேன்.
நாற்பதில் ஒரு கை நகர்ந்து மறைத்தது.

அப்போதுதான் விஞ்சிலிருந்து ராயேனின் குரல்:
"கேபிள் வரமாட்டேன் என்கிறது."

பின் கேமராவில் நைலான்.
ஆளற்ற கயிறு, முழத்துக்கு முழம் கொக்கி.
ஒரு நுனி அவள் பாறையைச் சுற்றி,
மறு நுனி எங்களைச் சுற்றி.

யாரும் எலியுதேரியோவின் கையைப் பார்க்கவில்லை.
ஒரு சரக்குப் பெட்டிக்குள்
பார்க்காமலிருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது!

அவரே முடிச்சைப் பெரிதாக்கினார்.
"தெற்கத்தியான் மூன்று சுற்றுவான்.
இது இரண்டு. எங்கள் ஊர்."
"உங்களுடையதா?"
"பதினொரு வருஷம். ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு கொக்கி.
அறுந்தால் வாள்மீனைத் திட்டுவோம்.
கயிறு எங்கே போகிறது என்று
எவன் கேட்டான்?"

நாற்பது நிமிடம்.
சேறு எழும்பும், அடங்கக் காத்திருப்பார்.
அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளி
கத்தி நுழைந்தது.
மூன்று விரலும் ஒன்பதரை விரலும் சேர்ந்து
இதுவரை செய்ததிலேயே
மெதுவான வேலை அது.

அறுந்தது. கேபிள் தளர்ந்தது.
போகலாம் என்றார்கள்.
அவர் போகவில்லை.
கயிற்றைப் பிடித்தபடி,
மாதிரிக் கூடையில் சுருட்டத் தொடங்கினார்.
"பாறைக்கு இடமிருக்காதே" என்றாள் ஹிமேனா.
பாறைக்காகத்தான் மூன்று வருஷம் மனுப் போட்டிருந்தாள்.
அவர் பதில் சொல்லவில்லை.
அவள் திரையைப் பார்த்தாள், பிறகு
தன் காப்பியைப் பார்த்தாள்.
"சரி, எவ்வளவு நீளம்?"
"வருகிற வரைக்கும்."

கண்டது என்ற கட்டத்தில்
தேர்ந்தெடுக்க நான்கே வகை:
உயிர், பாறை, வண்டல், குப்பை.
குப்பை என்று அழுத்தினேன்.
பிறகு அழித்தேன்.
பிறகு மறுபடியும் அதையே அழுத்தினேன்.

விடியலில் கிரேன் அதைத் தளத்தில் இறக்கியது.
பெட்டியை விட்டு வந்ததும்
வெளிச்சம் கண்ணைக் குத்தியது.
கோப்பை நசுங்கவில்லை, சுருங்கியிருந்தது,
தையற்காரர் விரலுறை அளவுக்கு,
வடிவம் கெடாமல்.
எலியுதேரியோ அதை அவிழ்த்து
பாதி விரலில் மாட்டிப் பார்த்தார்.
அளவாக இருந்தது.

அதைக் கழற்றாமலே
குத்தவைத்து உட்கார்ந்து
கொக்கிகளை எண்ண ஆரம்பித்தார்.