ஐந்தும் ஆறும்

பேரணாம்பட்டு பஜார், ஞாயிற்றுக்கிழமை.
காலையில் முகூர்த்தத்துக்குச் செருப்பு வேண்டாம்,
மணையில் வெறுங்கால்தான்.
சாயங்காலம் வி.கோட்டாவில் ரிசப்ஷன்.
ஏழு மணியிலிருந்து
கடைசிப் பந்தியில் ரசம் தீரும்வரை
நிற்க வேண்டும்.

நிற்பது எனக்குப் புதிதல்ல.
ஆறு வருஷமாகச் செக்கிங் டேபிள்.
ஜெர்மனிக்குப் போகிற ஷூக்கள்
என் கைக்கு வந்துதான் பெட்டிக்குள் போகும்.
தையல் ஒரு நூல் விலகினாலும்
வெள்ளி மையில் அம்புக்குறி போட்டுத் திருப்பிவிடுவேன்.
ஷூ எங்கே பொய் சொல்லும் என்று தெரியும்:
குதிங்காலுக்குள், லைனிங்குக்குக் கீழே,
யாரும் விரல் விட்டுப் பார்க்காத இடத்தில்.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது
நாலு அங்குல ஹீல்ஸ். கல் பதித்தது.
மாமியார் போனில் சொல்லியிருந்தார்,
"முனிரத்னம் நல்ல ஒசரம்.
போட்டோவுல அவன் தோளுக்காவது வரணும்மா."
போட்டு நின்றேன்.
கண்ணாடியில் இருந்தவள்
முக்காலி மேல் ஏறிப் பல்பு மாட்டுகிறவள் மாதிரி இருந்தாள்.
கழற்றி மடக்கிப் பார்த்தேன்.
அட்டை.
"மேடம், பிரிச்சுடாதீங்க" என்றார்.

அப்போது தஸ்லீம் ஒரு காரியம் செய்தாள்.
கைப்பையிலிருந்து நைலான் நூல் எடுத்து,
எங்கள் லைன் நூல்தான், கேட்டில் யாரும் பார்க்கவில்லை,
என் இரண்டாவது விரலில்
ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள்.
"அன்னைக்கு மெட்டி இருக்குமில்ல.
அது இல்லாம அளவு பார்த்தா
எப்படிடி சரியா வரும்?"
அவள் வீட்டில் மெட்டி வழக்கமில்லை.
யோசித்தது அவள்தான்.

நூல் மெட்டியோடு ஒன்பது ஜோடி.
வார் விரலில் இடித்ததெல்லாம் ரிஜெக்ட்.
பத்தாவது தட்டை, மெரூன்,
அழுத்தினால் மெத்தென்று எழும்பி வருகிற அடி.
வார் மெட்டியைத் தொடாமல்
பின்னால் வளைந்து போனது.
அறுநூற்று நாற்பது ரூபாய்.

இடது கால் ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்தது.
வலது கால் ஆறைக் கேட்டது.

பழைய வியாதி.
கம்பெனியில் லாஸ்ட் இரண்டும் ஒரே அளவு.
அம்மா பெற்ற கால்களுக்கு
யாரும் அச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.
இத்தனை வருஷம் வலது கட்டைவிரல்
கூனிக்கொண்டேதான் வேலைக்கு வந்தது.

"ஒத்தைச் செருப்பு விக்கறதில்ல மேடம்."

தஸ்லீம் புர்காவைச் சற்றுத் தூக்கித்
தன் கால்களைப் பார்த்தாள்.
அவளுக்கு இடது பெரிது.
ஆறு வருஷம் எதிரெதிரே நின்றும்
எனக்குத் தெரியாது.
பர்ஸைத் திறந்து
நூறு நூறாக எண்ணினாள்,
கடைசி நாற்பதுக்குச் சில்லறை தேடினாள்.
"ரெண்டு ஜோடி. அஞ்சுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு."

நாங்கள் தரையில் உட்கார்ந்து
வலதுக்கு வலது மாற்றிக்கொண்டதை
கடைக்காரர் பில் புத்தகத்தை மூடாமல்
பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை
பத்தலப்பள்ளி மலை ஏறி, செக்போஸ்ட் தாண்டி,
கடைப் போர்டுகளில் எழுத்து உருண்டையாக மாறியபின்
வேன் நின்றது.
மேடையில் அவர் உயரம் உயரமாகவே இருந்தது.
போட்டோகிராபர் மண்டியிலிருந்து வந்த
தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து
என்னை ஏறச் சொன்னார்.
ஏறினேன். புடவை மறைத்துக்கொண்டது.

பத்து மணிக்கும் வரிசை குறையவில்லை.
பாதி புரிந்த தெலுங்கு வாழ்த்துகளுக்கு
முழுசாகவே சிரித்தேன்.
வலது கட்டைவிரல் நிமிர்ந்து
உள்ளே சும்மா கிடந்தது.

கீழே சாப்பாட்டு வரிசையில் தஸ்லீம்,
இடுப்பில் பிள்ளை.
அவள் வலது காலில் என் செருப்பு.
அவளும் என் பாதத்தைத்தான் தேடினாள் போல.
புடவைக் கரையை
இரண்டு விரற்கடை தூக்கிக் காட்டினேன்.

திங்கட்கிழமை அவள் எதிரே
வேறு யாரோ நிற்பார்கள்.

"ஏமி?" என்று குனிந்து கேட்டார் அவர்.
ஒண்ணுமில்ல,
செருப்பு சரியா இருக்கு என்றேன்.