தயங்கிய இடங்கள்

குடியாத்தம் கிளை நூலகத்தில்
நான் பொறுப்பேற்ற அன்று
இருப்புப் பதிவேட்டில் பதினொரு பலகைகள்.
சுவரிலும் பதினொன்று.
கணக்கு சரி.

பேசாதீர். தொடாதீர். சாயாதீர்.
பக்கம் மடிக்காதீர். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்.
ஒன்பது பலகை இப்படி.
பத்தாவது, செருப்பை வெளியே விடச் சொன்னது.
பதினொன்றாவது ஓர் அம்பு:
மகளிர் பகுதி என்று
மின்சாரப் பெட்டியைக் காட்டியது.

எந்தப் புத்தகம் எங்கே என்று சொல்ல
ஒன்றுமில்லை.
அலமாரிகளின் நெற்றியில் எண்கள் மட்டும்.

"இன்னா மேடம், 894 எந்த ஊர் பஸ்ஸு?"
என்றார் தனகோட்டி.
தீப்பெட்டி கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர்.
ஷிப்டு முடிந்து வருவார், விரலில் பசை காயாமல்,
எச்சில் பலகைக்கு நேர் கீழே உட்காருவார்.

"தமிழ் இலக்கியம்" என்றேன்.

"அத்த அப்டியே எழுதிட்டா இன்னா?"

பகுப்பு எண்கள் எனக்கு மனப்பாடம்.
இதற்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ஒரு சாக்பீஸ் துண்டு எடுத்துக்கொண்டேன்.
உள்ளே வந்தவர்கள்
எங்கே கால் நிறுத்தி, கழுத்தைத் திருப்பி,
கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார்களோ,
அவர்கள் நகர்ந்த பின் அங்கே
தரையில் ஒரு பெருக்கல் குறி.

பத்து நாளில் தரை சொல்லிவிட்டது.
வாசலிலிருந்து நான்கு எட்டில் ஒரு கொத்து.
தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கொத்து.
போட்டித் தேர்வு அலமாரி முன்னால் குறியே இல்லை,
வழி தெரிந்த பசி அது.
சிறுவர் பகுதித் திருப்பத்தில்
குறிமேல் குறி விழுந்து
சுண்ணாம்பாய்க் கிடந்தது.
பெருக்க வந்த சம்பங்கி என்னை முறைத்தார்;
பிறகு அவற்றைச் சுற்றிப் பெருக்கினார்.

பலகைகளோ
ஏழடி உயரத்தில், ஒட்டடைக்குப் பக்கத்தில்.
நின்றவர் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

புதுப் பலகைக்கு நிதி இல்லை.
பழையதைக் கழிக்க
வேலூரிலிருந்து உத்தரவு வரவேண்டும்.
கழற்றினேன். திருப்பினேன்.
எந்த அதட்டலுக்கும் பின்பக்கம் வெறுமைதான்.

மஞ்சளில் கறுப்பு எழுத்து.
கண் உயரம், குறி விழுந்த இடம்.
முதல் பலகையில் இடம் போதாமல்
வரலாறு, 'வரலா'வோடு நின்றுபோனது;
வருகிறவர்கள் அனுமதி கேட்பதுபோல் இருந்தது.
இரண்டாவதில் சரிசெய்தேன்.

தனகோட்டி பார்த்தார்.
"எங்க பொட்டில இன்னா எழுதிக்கீதுன்னு யாரு படிக்கிறா?
கிளிப் பொட்டி குடு, சாவிப் பொட்டி குடுன்னுதான் கேப்பாங்க.
படம் வை மேடம். கட்டவெரல் அளவு போதும்."

சமையலுக்குக் கரண்டி.
சட்டத்துக்குத் தராசு வேண்டாம் என்றார்,
மளிகைக் கடை என்று நினைப்பார்களாம்;
பூட்டு வைத்தோம்.
கவிதைக்கு மூன்று நாள் ஒன்றும் பிடிபடவில்லை.
நிலா என்றேன். பூ என்றேன்.
அவர் பேசாமல் ஒரு தீக்குச்சி வரைந்தார்,
உரசாதது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி எண்ணினார்.
பதினொன்று. கையெழுத்திட்டார்.
"'பேசாதீர்' எங்கேம்மா?"
"இருக்கு சார்,
செவுத்துகிட்ட சொல்லிட்டிருக்கு."

இப்போது தரையில் குறிகள் குறைவு.
கழிப்பறைக்கு மட்டும் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

நேற்று சம்பங்கி துடைப்பத்தோடு நின்று கேட்டார்:
"வெளிய போட மாட்டியாம்மா அந்தக் குறிய?"

மூன்றாம் படியில்.
என் நாற்காலியிலிருந்து தெரியாத இடம்.
ஏறி வருவார்களாம்,
தங்கள் கால்களையே ஒருமுறை பார்ப்பார்களாம்,
திரும்பிவிடுவார்களாம்.
தினமும் நாலைந்து பேர்.

அங்கே எழுத
ஒரு சொல்லும் வரவில்லை எனக்கு,
தனகோட்டிக்கும் ஒரு படம்.

இரட்டைக் கதவில் இடப்பக்கம்
எத்தனை வருடமாகத் தாழிட்டிருக்கிறதோ.
தாழ்ப்பாளில் மண்ணெண்ணெய் விட்டு
ஊறப் போட்டிருக்கிறோம்.