மூன்றாவது துளை

உப்புவெளியில் எங்கள் ஃபிரிட்ஜுக்கென்று
ஒரு சோடிச் செருப்பு இருந்தது. பச்சை ரப்பர்.
கதவைத் திறக்கிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் திறக்கவேணும்.
"சாதுவாத்தான் கடிக்கும்" என்று
வருகிறவர்களுக்கும் சொல்லிவைப்போம்,
வளர்ப்பு நாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

மேலறையை வெள்ளைக்காரருக்கு விட ஒரு சான்றிதழ் கேட்டார்கள்.
கிண்ணியாவிலிருந்து நிஃமத்துல்லா வந்தார்.
என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
சுவிட்ச் மூடிகளைக் கழற்றி
உப்புப் பூத்த பித்தளையைச் சுரண்டிப் பார்த்தார்,
மஞ்சள் மீற்றரை வைத்தார், எழுதினார்:
காவலித் தடை, 0.3.
"ஒண்டுக்கு மேல நிக்கோணும் அக்கா."
காவல் என்றால் இந்த ஊரில் எனக்கு வேறு ஞாபகங்கள்.
இது கம்பிக்குப் போட்ட சட்டை நைந்ததாம்.

அடுத்த வரி: கசிவு.
"ஈரமே இல்லையே, எங்க கசியுது?"
"கரண்டுக்கு ஈரம் வேணாம். வழி போதும்."

பிறகு நொதுமல்.
பள்ளியில் தமிழ் ரீச்சர் அதற்கு அயலான் என்றார்,
உறவுமில்லை பகையுமில்லை.
விஞ்ஞான ரீச்சருக்கு அது ஒரு கம்பி,
போனதைத் திருப்பிக் கொண்டுவருவது.
"போனது அவ்வளவும் திரும்பி வரோணும்.
குறைஞ்சா, ஆரோ ஒராளின்ர உடம்பால போகுது.
அந்தக் கணக்கைப் பாக்கிறதுதான் ட்ரிப் சுவிட்ச்"
என்று சோதனைப் பொத்தானை அமத்தினார்.
ஒரு லயிற்றும் அசையவில்லை.
மூடியைக் கழற்றினால், சுவிட்சைச் சுற்றிக்கொண்டு
ஒரு சிவப்பு வயர்.

அந்த வயரை எனக்குத் தெரியும்.
மகளின் சாமத்திய வீடு, பந்தலில் நூறு பல்ப்,
மூன்று தரம் விழுந்தது.
நான்தான் மைத்துனர் குணநாயகத்திடம் சொன்னேன்:
"என்னவாவது செய்யுங்கோ, இண்டைக்கு விழக்கூடாது."
விழவில்லை.
ஆறு வருடம் விழவேயில்லை.
கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் புவித்தொடுப்பு.
பிளக்கின் மூன்றாவது துளை, எங்களுக்கு அது
இரண்டு முள் சார்ஜர் ஏற பேனை மூடி குத்துகிற இடம்.
பச்சை வயர் போன வழியே வெளிச்சுவர் வரை போனார்,
சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த சுவர்.
சாந்துக்குள் ஒரு சாண் ஓடி
அது நின்றிருந்தது.
மண்ணைத் தொடவில்லை. தொடப் புறப்பட்டதாயும் தெரியவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை கிணற்றடியில் செம்புக் கோலை அடித்து இறக்கினார்கள்.
மேல்மணல் காய்ந்த மணல், ஏற்காதாம்.
நனைந்த மண் தட்டுப்பட்டதும் மீற்றரில் எண் இறங்கியது.
சிவப்பு வயரை வெட்டி என் கையில் தந்தார்,
கூலிச் சிட்டையோடு.

மகள் இப்போது வெறுங்காலோடு தண்ணீர் எடுக்கிறாள்.
நான் இன்னும் செருப்புப் போடுகிறேன்.

நேற்று மழை. சாமம் இரண்டு மணிக்கு
டக்கென்று வீடு இருண்டது.
முன்பென்றால் திட்டியிருப்பேன்.
கட்டிலில் எழும்பி இருந்து, மகளின் மூச்சுக் கேட்கிறதா என்று
காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.
கேட்டது.
மெழுகுதிரியை விடிந்தபின் தேடலாம் என்று படுத்துவிட்டேன்.