பத்தி மூன்று

ஹல் நகரில் ஜனவரி.
நாலு மணிக்கே விளக்கைப் போட்டுவிடுகிறோம்.
ஹம்பர் ஆறு கடலுக்குள் போகிறதா,
கடல்தான் ஆற்றுக்குள் வருகிறதா என்பது
இந்த நான்காம் மாடி ஜன்னலிலிருந்து
இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.
பக்கத்து மேசை லொரெய்ன்
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி
இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு என்கிறாள்.

விண்ணப்பங்களை வாசிப்பது என் வேலை.
செப்டம்பரில் வர விரும்புகிறவர்கள்
ஏன் விரும்புகிறார்கள் என்பதை
ஆயிரம் வார்த்தைக்குள் சொல்லியிருப்பார்கள்.
சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்.
இன்று மட்டும் பதினேழு சிறு வயதுகள்.
பதினேழும் தீரவில்லை.
ஒருவர் ஊர்ப் பெயரை மாற்ற மறந்து
லீட்ஸைப் புகழ்ந்திருக்கிறார்.

நான் சிரிப்பதில்லை.
அந்த வாக்கியத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன்:
திருச்சி, தில்லைநகர்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஏசி ஒழுகும் ஓர் அறை.
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் கேட்டான்,
"எது மேல ஆர்வம்னு போடட்டும்?"
"எது போட்டா கிடைக்கும்?" என்றேன்.

அடுத்தது நவநீதன், கோவை.
குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஒரு புள்ளி.
வங்கிக் கணக்கில்
ஒரே நாளில் வந்திறங்கிய பதினெட்டு லட்சம்;
இருபத்தெட்டு நாள் மூச்சுவிடாமல் நிற்கும்,
இருபத்தொன்பதாம் நாள்
வட்டியோடு தன் வீடு போய்ச் சேரும்.
எனக்குத் தெரியும்.
கேட்கச் சொல்லி விதி இல்லை.

ஒப்புமை எண்பத்தொன்பது சதவீதம் என்று
மென்பொருள் சிவப்பில் காட்டியது.
மிச்சம் பதினொன்று எங்கே என்று தேடினேன்.
மூன்றாவது பத்தியில்,
ஏஜெண்டின் கண்ணுக்குத் தப்பி,
ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியபடி:

நான் லிஃப்ட் மெக்கானிக்.
கரண்ட் நின்றால் ஆள் உள்ளே இருப்பார்.
கதவைத் திறக்க நாற்பது நிமிடம்கூட ஆகும்.
அதுவரை வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
என்ன பேசுவது என்று பயிற்சியில் சொல்லவில்லை.
காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன்.
ஒருவர் அழுதுகொண்டே
சேமியா உப்புமா என்றார்.

லொரெய்னுக்கு வாசித்துக் காட்டினேன்.
சேமியா என்றால்? என்றாள்.
விளக்கினேன், அரைகுறையாக.

விதிப்படி ஒரு மடல் போக வேண்டும்.
தங்கள் கடிதம் பிறருடையதை ஒத்திருக்கிறது.
சொந்த வார்த்தைகளில் எழுதி
ஐந்து நாட்களுக்குள் அனுப்பவும்.
இந்த வரியை மட்டும் தொட்டுவிடாதே என்று சொல்ல
அதில் இடமில்லை.
அச்சில் வார்த்த மடல் அது,
பெயரை மட்டும்தான் நான் நிரப்பலாம்.
பெயரையும் புள்ளியையும் நிரப்பினேன்.

நான்காம் நாளே வந்துவிட்டது.
ஒப்புமை நான்கு சதவீதம். பச்சை.
சலவைக்குப் போய் வந்த சட்டைபோல இலக்கணம்.
நகர்ப்புற வாழ்வின் செங்குத்துச் சவால்கள்
என்று என்னவோ இருந்தது.
மூன்றாவது பத்தியை இரண்டு முறை படித்தேன்.
பிறகு நான்காவதை, ஐந்தாவதை.
அழுதவர் இல்லை. உப்புமா இல்லை.
கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை.

பழைய பிரதியை நீக்கலாமா என்று திரை கேட்டது.
வேண்டாம் என்றேன்.
குறிப்புக் கட்டம் சில எழுத்துகள்தான் ஏற்கும்.
முதல் பிரதி, பத்தி மூன்று, தயவுசெய்து அதை
என்பதோடு நிறைந்துவிட்டது.
அப்படியே சேமித்தேன்.
மேலே மூன்று பேர் இருக்கிறார்கள், முடிவு அவர்களுடையது.
அவர்களில் ஒருவர் குறிப்புகளைப் படிப்பார் என்று கேள்வி.

ஐந்தரைக்கு லிஃப்டில் நானும் லொரெய்னும்.
இரண்டாம் மாடி தாண்டியதும்
எப்போதும் ஒரு தடவை தயங்கும் அது.
இன்றும் தயங்கியது,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
லொரெய்ன் பொத்தான்களைப் பார்த்தபடி
மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றாள்.
எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.