ஸ்கோர் நோட்டில் இல்லாதது

மெய்யம்மையின் பந்து எங்கே வரும் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
நான் கையுறையை வைத்த இடத்துக்கு வரும்.

புதுவயலில், அரிசி மில்லின் பின்சுவரில்
செங்கல் துண்டால் கட்டம் கிழித்து
ஒன்பதாகப் பிரித்து எண் போட்டிருந்தாள்.
"ஏழு" என்பேன்.
ஏழில் காரை உதிரும்.
"மூணு" என்பேன்.
மூன்றின் வால் அழியும்.
ஐந்து மட்டும் எழுதிய அன்றுபோல் இருந்தது.
நடுவுல போடுறதுக்கு நான் எதுக்கு, என்பாள்.

எனக்கு இடது உள்ளங்கைதான் கணக்கு.
சுட்டுவிரலடியில் வலித்தால் நேராக வந்தது,
கட்டைவிரல் பக்கம் வலித்தால் வளைந்து வந்தது.
சாப்பிடும் கை இல்லைதான்,
ஆனாலும் ராத்திரி தட்டைப் பிடிக்க முடியாது.

மாவட்டப் போட்டி, காரைக்குடியில்.
கோலமாவில் கோடு.
மூன்று மூலையிலும்
செம்மண் அடைத்த சிமெண்டுச் சாக்கு.
வெயிலில் முகக்கம்பி சுட்டது.

தேவகோட்டை அணியில் நாலாவதாக வந்தவள் ஜெனோவா.
இடக்கைக்காரி.
அவளுடைய கண் ஒருதரம் கீழே வந்து
என் கையுறையைத் தொட்டுவிட்டுப் போனது.
பார்த்தேன்.
பார்த்தும் கையை நகர்த்தவில்லை.
ஏழு.

ஏழிலேயே வந்தது, விரல்கடை பிசகாமல்.
அந்த மட்டையும் பிசகவில்லை.
சத்தம்கூடப் பெரிதில்லை,
தேங்காய் சரிபாதியாக உடையும்போது கேட்குமே, அவ்வளவுதான்.
வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி
ஊருணியில் மிதந்தது பந்து.
ஒரு பையன் கல்லெறிந்து அதைக் கரைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

குறி தப்பினால்தான் அடி விழும் என்று நினைத்திருந்தேன்.
குறி தப்பாததால் விழுந்த அடி இது.

மெய்யம்மை நடந்து வந்தாள். திட்டவில்லை.
"நீ எங்க வேணாலும் கையை வையி.
பந்து கெளம்புன பெறகு
நான் போடுற எடத்துக்கு வா."

கடைசி இன்னிங்ஸ்.
எங்களுக்கு ஒரு ரன் கூட.
இரண்டு பேர் அவுட்,
மூன்றாம் சாக்கில் ஒருத்தி காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள்.
மறுபடி ஜெனோவா.
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.

வெளிப்பக்கம் விரித்து வைத்தேன் கையுறையை
பொய்ச்சாட்சிபோல.
அவள் கண் வந்தது, பார்த்தது,
நம்பாமல் திரும்பிப் போனது.

பந்து கிளம்பியது.
மெய்யம்மை என்று சொல்லி முடிப்பதற்குள்
வந்து சேர்ந்துவிடும் தூரம்.
உள்பக்கம், தாழ்வாக,
முழங்காலருகே தலையைக் குனிந்தது.
மட்டை அதற்கு முன்பே
அங்கே புறப்பட்டிருந்தது.
நான் பாதி விழுந்து கையை வீசினேன்.

டிக்.

தையல் நூலை நகம் உரசியதுபோல.
உடனே என் உள்ளங்கையில், கட்டைவிரல் பக்கம், வலி.

அம்பயர் கையை உயர்த்தினார்.
ஜெனோவா பெயருக்கு நேரே
ஸ்கோர் நோட்டில் ஒரு எழுத்து விழுந்தது.
காற்றை அடித்தாளா, பந்தைத் தொட்டாளா,
அந்த எழுத்துக்குத் தெரியாது.

எங்கள் பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.
அவள் மட்டையைத் திருப்பி
அடிவிளிம்பைப் பார்த்தாள்.
செம்மண் ஒரு கீற்று.
கட்டைவிரலால் தடவினாள்,
என்னைப் பார்த்தாள்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் மெய்யம்மை கேட்டாள்:
"தொட்டாளா?"
"தொட்டா."
"எவ்வளவு?"
விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டினேன்,
நடுவில் வெளிச்சம் தெரியாமல்.
கோட்டையூர் தாண்டும்வரை அவள் பேசவில்லை.

மறுநாள் காலை போனபோது
மில் சுவரில்
ஏழுக்குள் நாலு சின்னக் கட்டங்கள்.
செங்கல் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.