செவுள்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
மீனை வேண்டாமென்று சொல்லவும் ஒரு முறையுண்டு.
செவுளைத் தூக்கணும்.
சிவப்பா பழுப்பா பார்க்கணும்.
கண்ணை அழுத்தி, மோந்து,
அப்புறம்தான் உதட்டைப் பிதுக்கலாம்.

ஐஸ் உடைக்கும் அஞ்சலாட்சி
அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:
"காலம் ஓடலைங்க. ஐஸ் பாரு மாதிரி முழுசா நிக்குது.
நேத்து, நாளைக்கு, நான் சாவுற நாளு
எல்லாம் உள்ள உறைஞ்சு கெடக்கு.
நாமதான் மெஷினு. தூள்தூளாத் தின்னுட்டு
போயிடுச்சு போயிடுச்சுங்கறோம்."

சிரித்தோம்.
ஏலக்காரர் கஜபதி, டீசல் போடும் ரபேல், கணக்கெழுதும் நான்.
ஒரு நண்டைத் தராசில் வைத்தெடுக்கும் நேரம்கூட இல்லை.

தூக்கமில்ல அதுக்கு, என்றான் ரபேல்.
வீட்டுல யாராச்சும் செத்திருப்பாங்க, பாவம், என்றார் கஜபதி.
விசாரித்தேன்.
யாரும் சாகவில்லை. மாமியார்கூடத் திடமாயிருக்கிறார்.
படுத்தால் எட்டு மணி நேரம் தூங்குகிறாள்.

அன்று மாலை
கம்பத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
வானத்தில் ஒரு திட்டு மேகமில்லை.
அந்தமான் பக்கம் எங்கோ
நாங்கள் யாரும் பார்க்காத காற்றுக்காக
அறுபது படகையும் இழுத்துக் கட்டினோம், மறுபேச்சில்லாமல்.
கஜபதி ராகுகாலம் தாண்டட்டுமென்று காத்திருந்து
கடைசி முடிச்சைப் போட்டார்.
ராத்திரி படுத்தவனும் காலையில் எழுந்தவனும்
ஒரே ஆள்தான் என்று
என்றைக்கும்போல் நம்பி
நான் பல் துலக்கினேன்.
இதில் எதன் செவுளை
யார் தூக்கிப் பார்த்தது?

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது.
எனக்கு அந்த ஐஸ் பார் மட்டும் உருகவில்லை.
நோட்டில் தேதி எழுதும்போதெல்லாம்
பேனா ஒரு நொடி நின்றது,
தேதி என்னிடம் வந்ததா
நான் தேதியிடம் வந்தேனா என்று.

பன்னிரண்டாம் நாள் அவளிடம் போனேன்.
யோசிச்சேன், நீ சொன்னது சரியா இருக்கலாம் என்றேன்.
சாக்கை உதறியபடி
"அதுவா? அது தப்புங்க" என்றாள்.
"பாரு சும்மா நிக்குது, சரி.
மெஷின் ஓடணும்னா அதுக்கு ஒரு நேரம் வேணுமே,
அந்த நேரம் எந்தப் பாருல இருக்கு?
நேத்துதான் புரிஞ்சுது."
சுவிட்சைத் தட்டினாள்.
மேற்கொண்டு அவள் சொன்னது காதில் விழவில்லை.

கஜபதியிடம் சொன்னேன்.
ஒரு வஞ்சிரத்தின் செவுளை விரலால் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பி
உள்ளே நன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"நான் அன்னிக்கே சொல்லல?"